ஆறு பச்சைப் பாட்டில்கள்

அத்தியாயம் 4

காதர் பாட்சாவின் பட்டறையில் அன்று எறும்புகளுக்குத்தான் முதல் பந்தி. நிறுத்தி வைத்திருந்த மோட்டார் சைக்கிளின் கீழே, சிமெண்டுத் தரையில் சிந்திக் காய்ந்த பச்சைக் கறையைச் சுற்றி அவை இரண்டு வரிசையாக நடந்துகொண்டிருந்தன. வருகிற வரிசை வேகமாக வந்தது. போகிற வரிசை வயிறு நிறைந்து மெதுவாகப் போனது. துப்பறியும் வைத்தியலிங்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கால் மணி நேரமாக அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருடைய உதவியாளர் அல்லி நோட்டைத் திறந்து பென்சிலை எடுத்தாள்.

"சாட்சி நெறைய இருக்கும் போலிருக்கே சார். ஒவ்வொருத்தர் பேரா எழுதிக்கவா, வரிசைக்கு ஒருத்தர் போதுமா?"

"ஒண்ணாவது செத்துக் கிடக்குதா பாரு."

அல்லி குனிந்து பார்த்தாள். ஒன்றும் சாகவில்லை. எல்லாம் நல்ல தேக சௌக்கியத்துடன் இருந்தன. அப்படியே சொன்னாள். வைத்தியலிங்கம் தலையை ஆட்டிவிட்டு, சட்டைப் பையிலிருந்து நாலு பொட்டுக்கடலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். காரணம் கேட்டால் இன்னும் நாலு கடலை போடுவாரே தவிர வாயைத் திறக்க மாட்டார் என்பது அவளுக்குத் தெரியும். இரண்டு வருடமாக அவரிடம் வேலை பார்க்கிறாள். டைப் அடிப்பதற்காகச் சேர்ந்தவள். டைப் மெஷினில் 'க' விசை உடைந்து போனதிலிருந்து வெளி வேலைக்கும் கூட வருகிறாள்.

வைத்தியலிங்கம் கலால் துறையில் பதினெட்டு வருடம் இருந்தவர். எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் மதுவிலக்கு, இந்தப் பக்கம் காரைக்காலில் கடை திறந்திருக்கும். அப்படிப்பட்ட ஊரில் கலால் வேலை என்றால் கேட்க வேண்டாம். மூடியைத் திறக்காமலே பாட்டிலுக்குள் இருப்பது என்ன, அதில் தண்ணீர் எத்தனை பங்கு என்று சொல்லிவிடுவார் என்று பேர் எடுத்தவர். சல்யூட் அடித்து அலுத்துப்போய் வேலையை விட்டுவிட்டு, மாடி அறை ஒன்றில் போர்டு மாட்டிக்கொண்டார்.

இப்போது அவரைக் கூப்பிட்டிருப்பவர் மெக்கானிக் காதர் பாட்சா. ஐம்பது வயது மனிதர், ராத்திரி முழுக்கத் தூங்காத கண்ணோடு ஸ்பானரைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தார். அவர் சொன்ன விவரம் இதுதான்.

அந்த மோட்டார் சைக்கிள் முசியே லூசியனுடையது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருபத்திரண்டு வருடம் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்து, பென்ஷனோடு ஊர் திரும்பியவர் அவர். போன மாதம் மார்செய்லிலிருந்து கப்பலில் இதைக் கொண்டுவந்து இறக்கினார். ஜப்பான்காரன் செய்த வண்டி. காரைக்காலில் அதுவரை ஓடிய மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் காற்றிலேயே ஆறிக்கொள்கிற சாதி. இதற்கு மட்டும் காருக்கு இருப்பதுபோல் முன்னால் ஒரு ரேடியேட்டர். தண்ணீர் குடிக்கிற மோட்டார் சைக்கிளைப் பார்க்கக் கோட்டுச்சேரியிலிருந்து பஸ் ஏறி ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் சும்மா போகவில்லை. அதற்கு எதை ஊற்றலாம் என்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். மழைத்தண்ணீர் என்றார் ஒருவர். இளநீர் என்றார் தோப்பு வைத்திருப்பவர்.

ஊர்க் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் என்ன ஆகும் என்பது காதர் பாட்சாவுக்குத் தெரியும். சோப்புப் போட்டால் நுரைக்காத உப்புத் தண்ணீர் அது. ஆறே மாதத்தில் அலுமினியத்தை அரித்துச் சல்லடையாக்கிவிடும். லூசியனும் அதையேதான் சொன்னார். இதற்கென்றே பிரான்சில் விற்கிற பச்சைத் திரவம் ஒன்று இருக்கிறது, அது பாதி, பேட்டரிக்கு ஊற்றுகிற சுத்தத் தண்ணீர் பாதி, வேறு எதுவும் கூடாது என்றார். இரண்டு பாட்டில் கொடுத்தனுப்புவதாகவும் சொன்னார். பாட்டில் மேல் என்ன படம் ஒட்டியிருந்தாலும் கண்டுகொள்ள வேண்டாம், கழுத்தில் சிவப்பு நூல் கட்டியிருக்கும், அதுதான் அடையாளம் என்றார். இன்னொன்றும் சொன்னார். அது நாக்குக்கு இனிக்குமாம், ஆனால் விஷமாம். மார்செய்லில் ஒரு நாய் நக்கிவிட்டு இரண்டாம் நாள் செத்ததாம்.

புதன்கிழமை பாட்டில்கள் வந்தன. காதர் பாட்சா சொன்னபடி கலந்து ஊற்றினார். வியாழக்கிழமை லூசியன் வெள்ளை உடுப்பும் மெடல்களும் அணிந்து, பிரெஞ்சு தேசியத் திருநாளான ஜூலை பதினாலு ஊர்வலத்துக்கு ஒத்திகை பார்க்க வண்டியில் கிளம்பினார். மாதா கோயில் வாசலில், பூசை முடிந்து எல்லாரும் வெளியே வருகிற நேரம், ரேடியேட்டர் கொதித்துப் பச்சை நுரையைக் கக்கியது. உடுப்பு பச்சை, மெடல் பச்சை, மீசையும் பாதி பச்சை.

"நல்ல திரவத்தை லாரிக்காரனுக்கு வித்துட்டு, ஏதோ சாயத் தண்ணிய ஊத்திட்டேன்னு சொல்றாரு. இன்னிக்குப் பத்தே காலுக்கு அவர் வீட்டுல விருந்து. அங்க எல்லார் முன்னாலயும் அறிவிக்கப் போறாராம். பட்டறை இருக்கிற எடம் அவரோடது, இன்னிக்கே பூட்டிருவாரு. பூட்டட்டும், வேற எடத்துல கூரை போட்டுக்குவேன். ஆனா இன்னிக்கு வெள்ளிக்கிழமைங்க. திருடன்னு பேர் வாங்கிக்கிட்டு ஜும்மாவுக்குப் போயி எந்த வரிசையில நிக்கிறது?"

வைத்தியலிங்கம் எழுந்து ரேடியேட்டர் மூடியைத் திருகி எடுத்தார். மூடிக்கு உள்பக்கம் பழுப்பு நிறத்தில் ஏதோ கெட்டியாக அப்பியிருந்தது. நகத்தால் சுரண்டினால் நூல் நூலாக வந்தது. அல்லியின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"மிட்டாய் சார். புதினா மிட்டாய்."

"கருகின சர்க்கரைப் பாகு. அந்தப் பச்சைத் திரவம் விஷம்னா, இத்தனை எறும்புல ஒண்ணாவது செத்திருக்கணும். வண்டிக்குள்ள போனது சர்பத். பாய், ஊத்தும்போது வாசனை தெரியலியா உங்களுக்கு?"

காதர் பாட்சா தலையைச் சொறிந்தார். வாசனை தெரிந்ததாம். பிரான்சிலிருந்து வருகிற சோப்பு மணக்கிறது, பவுடர் மணக்கிறது, லூசியன் வீட்டுக்குக் கடிதம் வந்தால் உறைகூட மணக்கிறது. ரேடியேட்டருக்கு ஊற்றுவதையும் அவர்கள் மணக்கச் செய்துதான் விற்பார்கள் என்று நினைத்துக்கொண்டாராம்.

அல்லி அதை நோட்டில் எழுதி, அடியில் ஒரு கோடும் போட்டாள்.

காலிப் பாட்டில்கள் இரண்டும் அலமாரியில் இருந்தன. புதினா இலைப் படம் போட்ட லேபிள். சிவப்பு நூலைக்கூட அறுக்காமல் பத்திரமாக வைத்திருந்தார் மனிதர். வைத்தியலிங்கம் ஒன்றைக் கையில் எடுத்து, நூலின் நுனியைப் பிடித்து லேசாக இழுத்தார். முடிச்சு சடக்கென்று அவிழ்ந்து நூல் கையோடு வந்துவிட்டது. இரண்டாவது பாட்டிலில் இழுக்கவில்லை. அல்லியைப் பார்க்கச் சொன்னார். இரண்டு காதும் இரண்டு வாலுமாக, பட்டாம்பூச்சி உட்கார்ந்த மாதிரி அழகான முடிச்சு.

பிறகு மோட்டார் சைக்கிளின் பின்பக்கம் போனார். அங்கே லூசியன் தன் கையால் கட்டிய கருவிப் பை தொங்கியது. அந்த முடிச்சை அவிழ்க்க அல்லி இரண்டு நகத்தைச் செலவழித்துப் பார்த்தாள். அசையவில்லை.

"இதை அவுக்கப் பல்லு வேணும் சார். அதுவும் சொந்தப் பல்லா இருக்கணும்."

"பட்டாளத்துக் கட்டு. இருபத்திரண்டு வருஷம் இப்படிக் கட்டின கை, பாட்டிலுக்கு மட்டும் பட்டாம்பூச்சி கட்டாது. லூசியன் கட்டின நூலை யாரோ அவுத்து, வேற பாட்டில்ல கட்டியிருக்காங்க. அது இந்தப் பட்டறைக்கு வர்றதுக்கு முன்னாலயே நடந்திருக்கு. பாய், பாட்டில் யார் கையில வந்தது?"

அந்த வீட்டில் வேலை செய்கிற செல்லம் கொண்டுவந்து கொடுத்தாள் என்றார் காதர் பாட்சா. விருந்துக்கு மீன் வாங்க இன்று காரைக்கால்மேட்டுக்குப் போயிருப்பாள் என்றும் சொன்னார்.

வைத்தியலிங்கம் மணி பார்த்தார். அவர் கட்டியிருந்தது பெண்கள் கட்டுகிற சின்னக் கடிகாரம். கறுப்புப் பட்டை கடைசி ஓட்டை வரை தளர்த்தியும் மணிக்கட்டை இறுக்கிக்கொண்டிருந்தது. அவருடைய மனைவி கட்டியிருந்தது. உலகத்தில் இருக்கிற எல்லாவற்றையும் கிண்டல் செய்கிற அல்லி, அந்தக் கடிகாரத்தைப் பற்றி மட்டும் ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. மணி ஒன்பதரை.

காதர் பாட்சாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வைத்தியலிங்கத்தின் மொபெட் கிளம்பியது. அல்லி தன் சைக்கிளில் வந்தாள். பாதி வழியில் அவள் மொபெட்டை முந்தினாள். அடுத்த திருப்பத்தில் நின்று, அவர்கள் வரும்வரை செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டாள்.

காரைக்கால்மேட்டில் படகுகள் வந்து ஏலம் நடந்துகொண்டிருந்தது. செல்லம் கூட்டத்துக்கு நடுவே, வஞ்சிரத்தின் மேல் வைத்த கண்ணை எடுக்காமல் நின்றாள். அல்லி கையை உயர்த்தி அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். ஏலம் விடுகிறவர் அந்தக் கையைப் பார்த்துத் தலையசைத்தார். அடுத்த நிமிஷம் ஒரு கூடை நெத்திலி அல்லியின் காலடியில் வந்து இறங்கியது. இங்கே கையைத் தூக்கிவிட்டு இல்லை என்று சொல்கிற வழக்கம் கிடையாது என்று அவர் விளக்கினார். வைத்தியலிங்கம் பணப்பையைத் திறந்தார்.

"இதையும் செலவுக் கணக்குல எழுதிக்கவா சார்? சாட்சி விசாரணை, நெத்திலி ஒரு கூடை."

செல்லம் வஞ்சிரத்தை வாங்கிக் கூடையில் போட்ட பிறகுதான் இவர்கள் பக்கம் திரும்பினாள். நடுவயதுக்காரி, பயமில்லாதவள். வழியில் எங்கேயும் நிற்கவில்லை என்றாள். முசியே லூசியன் மனைவி மதாம் ழானெத் கையிலிருந்து வாங்கினேன், பாய் கையில் கொடுத்தேன், இடையில் என் மூச்சுக்காற்றைத் தவிர எதுவும் படவில்லை என்று சத்தியம் செய்தாள்.

"முடிச்சு யாரும்மா போட்டது?" என்று கேட்டார் வைத்தியலிங்கம்.

"மதாம்தான் போட்டாங்க, என் கண்ணு முன்னால. ஐயா கடைத்தெருவுக்குக் கெளம்பறப்ப, செவப்பு நூல் கட்டின ரெண்டு பாட்டில பாய்க்குக் குடுத்தனுப்புன்னு சொல்லிட்டுப் போனாரு. மதாம் முதல் நாளே நூலெல்லாம் அவுத்துப் போட்டுட்டு, விருந்துக்குன்னு எல்லாப் பாட்டிலுக்கும் மூணு கலர் ரிப்பன் கட்டி அடுக்கிட்டாங்க. ஐயாவுக்கு நூல்தான் முக்கியம்னா நூலையே கட்டுவோம்னு, கைக்கு வந்த ரெண்டு பாட்டில்ல ரிப்பனை அவுத்து, குப்பையிலேர்ந்து அந்த நூலை எடுத்துக் கட்டிக் குடுத்தாங்க. எல்லாம் ஒரே புதினா சர்பத்துதானேங்க. ஒயின் குடிக்கிறவங்களுக்கு ஒயின், பாய் குடிக்க மாட்டாருல்ல, அதனால பண்டிகைக்கு சர்பத் அனுப்புறாருன்னு மதாம் சொன்னாங்க. வருஷா வருஷம் தெரிஞ்சவங்களுக்கு அனுப்புறதுதானே."

காதர் பாட்சா மணலில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அனுப்பிய பண்டிகைப் பரிசை வண்டிக்கு ஊற்றிவிட்டேனா என்று அவர் முணுமுணுத்தது கடல் சத்தத்தில் பாதிதான் கேட்டது. ஆனால் முகத்தில் முதல் முறையாகக் கொஞ்சம் வெளிச்சம் வந்திருந்தது. பேர் தப்பித்துவிட்டது.

வைத்தியலிங்கத்தின் முகத்தில்தான் வெளிச்சமில்லை. மென்றுகொண்டிருந்த கடலையை நிறுத்திவிட்டார். அல்லி அதைக் கவனித்தாள். அவர் கடலையைப் பாதியில் நிறுத்தி அவள் பார்த்ததே இல்லை.

"மொத்தம் எத்தனை பாட்டில்மா?"

"எட்டு. ரெண்டு பாய்க்கு வந்திருச்சா, மீதி ஆறு விருந்து மேசையில இருக்கு. ஒயின் குடிக்காத பொம்பளைங்களுக்கும் புள்ளைங்களுக்கும் தண்ணி கலந்து குடுப்பாங்க. ஆல்போன்ஸ் ஐயாவுக்கும் அதுதான், டாக்டர் ஒயின் கூடாதுன்னுட்டாரு."

ஆறு பாட்டில். அதில் நாலு சர்பத். மார்செய்லில் நாயைக் கொன்ற இனிப்பு, மீதி இரண்டில்.

மணி பத்து நாற்பது. லூசியன் வீட்டில் தொலைபேசி கிடையாது. வைத்தியலிங்கம் மொபெட்டைப் பார்த்தார், பிறகு அல்லியின் சைக்கிளைப் பார்த்தார்.

"நீ முன்னால போ. யாரும் வாயில வெக்கக் கூடாது. விஷம்னு மட்டும் கத்திராதே. எழுவது வயசுக்காரங்க இருபது பேரு இருப்பாங்க, அவங்களுக்கு விஷமே வேணாம், அந்த வார்த்தையே போதும்."

அல்லி பெடலை மிதித்தாள். பின்னால் கேரியரில் நெத்திலிக் கூடை குலுங்கியது. இறக்கி வைக்க நேரமில்லை. லூசியன் வீடு இருந்த தருமபுரத்துக்கு வந்து சேர்ந்தபோது நாலைந்து நாய்கள் கூடவே ஓடிவந்துகொண்டிருந்தன.

லூசியனின் பங்களாவில் வாசல் தொடங்கித் தோட்டம் வரை நீலம், வெள்ளை, சிவப்பு ரிப்பன். ஒவ்வொரு தூணிலும் ஒரு பட்டாம்பூச்சி முடிச்சு. மதாம் ழானெத்தின் கைவேலை. வாசலில் நின்ற ஆள் அழைப்பிதழ் கேட்டார். அல்லி கூடையைக் காட்டினாள். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்பக்கம் கையைக் காட்டினார். சமையலறை வழியாக நுழைந்து, கூடையை அங்கே தள்ளிவிட்டுத் தோட்டத்துக்கு ஓடினாள்.

கிளாஸ்கள் எல்லாம் கையில் இருந்தன. ஆண்கள் கையில் சிவப்பு, பெண்கள் கையிலும் குழந்தைகள் கையிலும் பச்சை. மேசையில் ரிப்பன் கட்டிய ஆறு பாட்டில் அணிவகுத்து நின்றன. ஒன்று திறந்து பாதி காலி. நடுவில் முசியே ஆல்போன்ஸ், ஊரிலிருந்த சொல்தாக்களில் மூத்தவர், எழுபத்தாறு வயது, மெடல் கனத்தில் சட்டை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. வருடா வருடம் அவர்தான் பேசுவார். பிரெஞ்சில் தொடங்கித் தமிழில் இறங்கி மறுபடி பிரெஞ்சில் ஏறுவார். முக்கால் மணிக்குக் குறைந்து முடித்ததில்லை. வியட்நாமில் சைகோன் ஆற்றைப் படகில் கடந்த அவருடைய பட்டாளக் கதை ஊருக்கே மனப்பாடம். அவர் முதல் வாய் குடிக்கும் வரை வேறு யாரும் கிளாஸை உதட்டில் வைக்கக் கூடாது என்பது அந்த வீட்டு ஒழுங்கு. தாகத்தோடு நின்ற மருமகள்கள் வருடா வருடம் அவரை மனதுக்குள் சபிப்பார்கள்.

இந்த வருடம் அதே நீளப் பேச்சுதான் அத்தனை பேர் உயிரையும் பிடித்து வைத்திருந்தது. ஆனால் அது முடிந்துகொண்டிருந்தது. அவர் பச்சைக் கிளாஸை உயர்த்தி, பிரான்சுக்கு ஒன்று, காரைக்காலுக்கு ஒன்று என்று இரண்டு வாழ்க சொல்லிவிட்டார். கிளாஸ் வாயை நோக்கி இறங்கியது.

அல்லி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவருக்கு முன்னால் நின்றாள். மூச்சு வாங்கியது. மேலெல்லாம் மீன் வாடை.

"முசியே, சைகோன் வரலியே."

ஆல்போன்ஸ் கிளாஸை உதட்டுக்கு ஓர் அங்குலத்தில் நிறுத்தினார். "சொல்லலியா?"

"மார்செய்ல்லேர்ந்து நேரா காரைக்காலுக்கு வந்துட்டீங்க. சைகோன் கதை கேக்கணும்னுதானே நான் அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்தேன்."

கூட்டத்தில் பெருமூச்சு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை போயிற்று. மதாம் ழானெத் பார்த்த பார்வைக்கு வேறு ஒருத்தியாக இருந்தால் கருகியிருப்பாள். ஆல்போன்ஸின் முகம் மட்டும் மலர்ந்தது. சைகோனைச் சொல்ல அவருக்கு இரண்டு கையும் வேண்டும். ஒன்று ஆற்றுக்கு, ஒன்று படகுக்கு. கிளாஸைத் தட்டில் வைத்தார். அதைப் பார்த்ததும் மற்றவர்களும் எப்படியும் அரை மணி ஆகும் என்று கிளாஸ்களைக் கீழே வைத்துவிட்டு நாற்காலி தேடினார்கள்.

கதையில் படகு இன்னும் ஆற்றில் பாதி தாண்டாத நிலையில் மொபெட் சத்தம் கேட்டது. வைத்தியலிங்கம் வேர்வையோடு உள்ளே வந்தார். நேரே மேசைக்குப் போனார். மூடிய பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்து, வெயிலில் தூக்கிப் பிடித்தார். எல்லைச் சாவடியில் நின்ற காலத்தில் ஆயிரம் பாட்டிலை அப்படிப் பார்த்தவர். உள்ளே இருக்கிற காற்றுக் குமிழி மேலே ஏறுகிற வேகம்தான் அவருக்குக் கணக்கு. சர்பத் கெட்டி. நாலு பாட்டிலில் குமிழி, கல்யாண வீட்டுக்கு வந்த சம்பந்தியைப் போல நிதானமாக ஏறியது. ஒன்றில் மட்டும் கடைசி பஸ்ஸைப் பிடிப்பது போல ஓடியது. அதைத் தனியாக எடுத்து வைத்தார். திறந்திருந்த ஆறாவது பாட்டிலை மூடியைப் போட்டுக் கவிழ்த்தார்.

அதிலும் ஓடியது.

கையில் கொடுத்திருந்த பச்சைக் கிளாஸ் அத்தனையும் அந்தப் பாட்டிலிலிருந்து வந்தவை. அவர் அல்லியைப் பார்த்துக் கண்ணை ஒரு முறை மூடித் திறந்தார். அவள் பெரிய தட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, ஈ விழுந்திருக்கிறது என்று சொல்லி வரிசையாகப் பச்சைக் கிளாஸ்களைப் பொறுக்கினாள்.

"எல்லாத்துலயுமா ஈ?" என்றாள் ஒரு மருமகள்.

"குடும்பத்தோட வந்திருக்குங்க."

பதினேழு கிளாஸ். ஒன்றும் குறையவில்லை என்று அல்லி இரண்டு தரம் எண்ணிப் பார்த்தாள். சமையலறைக்குப் போய் ஒவ்வொன்றாகச் சாக்கடையில் கொட்டி, குழாயைத் திறந்து விட்டாள்.

அவள் திரும்பி வந்தபோது வைத்தியலிங்கம் லூசியனையும் ழானெத்தையும் வராந்தா மூலைக்குக் கூட்டிப் போயிருந்தார். இரண்டு பாட்டிலும் அவர் கையில் இருந்தன. ழானெத்துக்கு நூல் கதை நினைவிருந்தது. அதைச் சொல்லும்போது அவளுக்கு இன்னும் எதுவும் புரியவில்லை. சர்பத்தில் என்ன வித்தியாசம் என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். லூசியனுக்குப் புரிந்துவிட்டது.

வெளியே வந்த விஷயம் சிறியது. அந்தத் திரவத்தைத் தகர டின்னோடு கொண்டுவந்தால் சென்னைத் துறைமுகத்தில் சுங்கக்காரர் நிறுத்திக் கேள்வி கேட்பார் என்று பயந்து, சர்பத் பாட்டில் இரண்டைக் காலி செய்து அதில் ஊற்றிக்கொண்டு வந்திருக்கிறார். சர்பத்தோடு சர்பத்தாக இறங்கிவிட்டது. மனைவியிடம் சொன்னால் பக்கத்து வீட்டு ஒர்த்தான்ஸுக்குத் தெரியும், ஒர்த்தான்ஸுக்குத் தெரிந்தால் ஊருக்குத் தெரியும் என்று அவளிடமும் சொல்லவில்லை. சிவப்பு நூல் போதும் என்று நினைத்துவிட்டார்.

"உள்ள பதினேழு கிளாஸ் இருந்தது முசியே. உங்க பேத்தி கையில ஒண்ணு. இதை நான் சொல்லணுமா, நீங்க சொல்றீங்களா?" என்றார் வைத்தியலிங்கம்.

லூசியன் பேத்தி இருந்த பக்கம் பார்த்தார். பிறகு சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு தோட்டத்துக்கு நடந்தார். ஆல்போன்ஸ் ஒரு வழியாகக் கரையேறியிருந்தார். லூசியன் நடுவில் நின்று, விறைப்பாகக் குதிகால்களைச் சேர்த்து, பிரெஞ்சில் பேசினார். ஐந்து நிமிடம், குரல் தடுமாறாமல். முன் வரிசையில் இருந்த, பிரெஞ்சு தெரிந்த குடும்பங்கள் வாயடைத்துப் போயின. ஒரு மூதாட்டி சிலுவை போட்டுக்கொண்டாள். பின்னால் நின்ற கடைத்தெரு ஆட்கள், அக்கம்பக்கத்தார், நாகப்பட்டினத்திலிருந்து வந்தவர்கள் எல்லாரும் வழக்கமான பிரசங்கம் என்று நினைத்து மரியாதையாகக் கைதட்டினார்கள்.

லூசியன் உட்காரப் போனார். வைத்தியலிங்கத்தோடு மொபெட்டில் வந்து வராந்தாப் படியில் நின்ற காதர் பாட்சா அப்போது பேசினார். சத்தம் போடவில்லை.

"தமிழ்ல சொல்லுங்க முசியே. என்னைத் திருடன்னு சொன்னது தமிழ்லதானே?"

லூசியன் மறுபடி நடுவுக்கு வந்தார். இந்த முறை குதிகால் சேரவில்லை, குரலும் நேராக வரவில்லை. "தப்பு என்னோடது. பாட்டில மாத்தி ஊத்தினதும் நான், யார்கிட்டயும் சொல்லாம வெச்சதும் நான். காதர் பாட்சா குடுத்தத ஊத்தினாரு, அவ்வளவுதான். அவரை நான் திருடன்னு சொன்னேன். அவர் திருடன் இல்ல." யாரும் கைதட்டவில்லை. பின்னால் நின்றவர்கள் எல்லாருடைய முகமும் காதர் பாட்சா பக்கம் திரும்பியது.

காதர் பாட்சா வேலை விஷயத்துக்குத் திரும்பிவிட்டார். கொதிதண்ணீர் விட்டு ஏழு தரம் அலச வேண்டும், சந்து பொந்தில் எல்லாம் பாகு இறுகியிருக்கும், வண்டி திங்கட்கிழமைக்கு முன் கிடைக்காது என்றார். அப்புறம் மீதி இருக்கிற திரவத்தோடு பேட்டரித் தண்ணீரைக் கலந்து ஊற்றி மெதுவாக ஓட்டலாம், ஆனால் கிணற்றுப் பக்கம் மட்டும் போகக் கூடாது என்றார். திறக்காத பாட்டிலும் திறந்த பாட்டிலும் இனிமேல் இந்த வீட்டில் இருக்கக் கூடாது, பட்டறையில்தான் இருக்கும் என்று சொல்லி இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டார். பள்ளிவாசலில் பாங்கு சொல்ல இன்னும் அரை மணிதான் இருந்தது.

"பாய்," என்றாள் அல்லி, "ரிப்பன் கட்டின பிரெஞ்சு பாட்டில் ரெண்டு கையில. ஜும்மாவுக்குப் போற வழியில கடைத்தெருவே பாத்துக்கிட்டு இருக்கும். நேத்து திருடன், இன்னிக்கு வேற பேரா?"

காதர் பாட்சா நின்றார். பாட்டில்களைப் பார்த்தார். பிறகு லூசியனைப் பார்த்தார். நிதானமாக அவரிடம் போய் இரண்டையும் நீட்டினார்.

"நீங்களே கொண்டாந்து பட்டறையில வெச்சிருங்க முசியே. சாவி என்கிட்ட இருக்கு. வாங்க, தொறந்து விடறேன்."

கடைத்தெருவில் அன்று பதினொன்றே முக்காலுக்கு டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் அதைப் பார்த்தார்கள். முன்னால் வெள்ளைத் தொப்பியோடு காதர் பாட்சா, கைவீசி, எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் சலாம் சொல்லிக்கொண்டு நடந்தார். நாலடி பின்னால் துவைத்த வெள்ளை உடுப்பில், மார்பு நிறைய மெடலோடு, கைக்கு ஒரு ரிப்பன் பாட்டிலாகச் சுமந்துகொண்டு முசியே லூசியன் போனார்.